அடைமழை மாதங்களில் கடைகண்ணி வேலையும் எதிர்வீட்டுக் கணக்கும்

வேதாளை மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நான் மாமியாருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வேதாளையில் கடற்கரைக்கு அருகே குடியிருக்கிறேன். பிறந்து வளர்ந்தது மதுரை. கோடையில் எல்லா வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் அது முடிவதில்லை. நடமாட்டம் குறைந்த மாமியாரைத் தனியே விட்டுவிட்டு, மழையில் பேருந்துக்குக் காத்து நின்று, இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போய் நாலு சாமான் வாங்கித் திரும்புவதற்குள் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுகிறார்கள்.

எதிர்வீட்டு அக்காவின் குடும்பம் நாட்டுப்படகில் தொழில் செய்கிறது. அவர் எங்கே புறப்பட்டாலும் எங்கள் வாசலில் நின்று, "உங்களுக்கு என்னம்மா வாங்கணும்?" என்று கேட்காமல் போவதில்லை. மாத்திரை, மளிகை, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் என்று எல்லாம் அவர் கையால்தான் வருகின்றன. படகு கடலுக்குப் போய்வந்த நாளில் கறிக்கு எடுத்துவரும் மீனிலும் எங்களுக்கு ஒரு பங்கு வந்துவிடுகிறது. சாமானுக்கு உரிய காசை வாங்கிக்கொள்கிறார். பேருந்துக் கட்டணத்தையோ மீனுக்கான காசையோ நீட்டினால் முகம் வாடிவிடுகிறது. புயல் எச்சரிக்கை வந்த வாரங்களில் அந்த வீட்டில் வருமானமே இல்லை என்பது எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டே இருப்பது உறுத்துகிறது. வற்புறுத்திப் பணம் கொடுத்தால் உறவு முறிந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. இந்தக் கரையிலேயே பிறந்தவர்கள் இதை எப்படி நடத்துகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பாம்பன் கரையோரன்:

சகோதரி, எதிர்வீட்டில் எப்போது கை வறண்டிருக்கும் என்பதை முதலில் காற்றை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வலுத்தால் பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல், வடக்கே நிலம் மறைத்து நிற்பதால், ஓரளவு அடங்கியிருக்கும். வடகரையில் கட்டிக்கிடக்கும் படகுகளைப் பலர் இந்த மாதங்களில் தென்கரைக்குக் கொண்டுவருவது அதனால்தான். உங்கள் ஊர் தென்கரையில் இருக்கிறது. ஆகவே வெறும் வாடை வீசும் நாட்களில் எதிர்வீட்டுப் படகு தொழிலுக்குப் போகக்கூடும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் இரண்டு கடலுமே அடைபட்டுவிடும். பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று பொருள். மூன்றாம் எண் ஏறினால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும் என்று பொருள். அந்த நாட்களில் மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்காது. நாட்டுப்படகுக்காரர்களும் படகை மேட்டில் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். கூண்டு இறங்கிய மறுநாளே மீன் வந்து குவியும் என்றும் நினைக்க வேண்டாம். கலங்கிய கடல் தெளியவும் சிக்கிக் கிழிந்த வலையைப் பொத்தவும் மேலும் சில நாள் ஆகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூண்டு ஏறிய நாளில் எவரையும் கடைக்கு அனுப்ப வேண்டாம். அவராகவே கேட்டாலும் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலை அலை கொண்டுபோன கரை இது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்தவர்கள்; ஆகவே கார்த்திகை, மார்கழிக் காற்றை நாங்கள் ஒருபோதும் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஐப்பசி முதல் வாரத்திலேயே அரிசி, பருப்பு, மாத்திரை, மெழுகுவத்தி எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டால் பாதி வேலைக்கு எவரையும் அனுப்பத் தேவையிருக்காது.

கீழக்கரை ராத்தா:

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு என்பதால், இது நாங்கள் காலங்காலமாகப் பழகிய வாழ்க்கை. ஒருவர் கடைவீதிக்குப் போகிறார் என்றால் அது நான்கு வீட்டுக்கான பயணம். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒவ்வொரு வீட்டுச் சாமானையும் எழுதி, அந்தந்த வீட்டுக் காசை அதே தாளில் மடித்துக் கொடுத்துவிடுவோம். திரும்பி வரும்போது சாமானும் மீதிச் சில்லறையும் அதே தாளில் மடிந்து வந்து சேரும். கணக்கு அன்றைக்கே முடிந்துவிடும். அதில் எவருக்கும் கூச்சம் இல்லை.

போய்வந்த அலைச்சலுக்குக் கூலி என்று காசு கொடுப்பதுதான் தவறாகப் படும். அதற்கு ஈடு வேறு வழியில் போகும். எங்கள் வீட்டுக்கு வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. மீன் வந்த சட்டியில் ஓட்டுமாவு என்னும் எங்கள் ஊர்ப் பலகாரம் போகும். தேங்காய்ப் பால் பிழிந்து மணிக்கணக்கில் கிண்டித் தொதல் என்னும் இனிப்பைச் செய்த நாளில் அக்கம்பக்கத்துக்கு எடுத்துவைத்த பிறகே வீட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டு வைப்போம். நீங்கள் மதுரைக்காரர், உங்கள் கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கும். அதைச் செய்து அனுப்புங்கள். உறுத்தல் தானாகவே தீரும்.

திருப்புல்லாணி ஓய்வாசிரியர்:

மேலே எழுதிய சகோதரியின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்துக்கு அது முழுமையாகப் பொருந்தாது என்று கருதுகிறேன். இரண்டு வீடுகளிலும் மாதந்தோறும் பணம் வருகிற இடத்தில் பலகாரத்துக்குப் பலகாரம் என்பது அழகான வழக்கம். ஒரு வீட்டில் மாதச் சம்பளமும் மறு வீட்டில் கடலை நம்பிய வருமானமும் இருக்கும்போது, பலகாரம் அனுப்பினால் அந்த வீட்டுக்குப் பதிலுக்கு அனுப்ப வேண்டிய கடமையும் சேர்ந்து போகிறது. அடுப்பில் உலை ஏறுமா என்று கவலைப்படும் வாரத்தில் உங்கள் பாத்திரத்தை எதைக் கொண்டு நிரப்பித் திருப்புவது என்ற கவலையும் அந்த அம்மாவுக்குச் சேரும்.

அரசின் ஏற்பாடே இதை ஒப்புக்கொள்கிறது. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் தம் பங்காக 1,500 ரூபாயைச் சிறுகச் சிறுகச் செலுத்தினால், மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாக மீன்பிடிப்புக் குறைந்த மாதங்களில் திரும்பக் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தின் மழைக்காலச் செலவுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே பணமாகவே கொடுங்கள் என்பது என் கருத்து. மீனை விலைக்கு வாங்குங்கள். மறுத்தால், "அடுத்த முறை வாங்க எனக்கு மனம் வராது, அக்கா" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் அவரே விலை சொல்வார்.

வேதாளை மருமகள்:

ஐயா சொன்னது மனத்தைத் தொட்டது. பாத்திரத்தைத் திருப்பும் கடமையை அந்தப் பக்கத்திலிருந்து நான் எண்ணிப் பார்க்கவில்லை. ராத்தா சொன்ன தாள் முறையை நாளையிலிருந்தே தொடங்குகிறேன்.

இதற்கிடையில் அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளும் விடுபடக் கூடாது. போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்தபோது மாத்திரை தீர்ந்துபோய், அக்காவின் மகன் நனைந்துகொண்டே போய் வாங்கிவந்தான். இந்த வேலையையாவது எவர் தலையிலும் வைக்காமல் முடிக்க வழி உண்டா?

மரைக்காயர்பட்டினம்:

உண்டு. 2021 ஆகஸ்டு முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாமியாரின் பெயரைப் பதிவு செய்யுங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு இரண்டுக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் உங்கள் பகுதிக்கு வரும் பெண் ஊழியர் யார் என்று சொல்வார்கள். மழை தொடங்கும் முன்பே அவரிடம் நிலைமையைச் சொல்லி வையுங்கள். கையில் எப்போதும் இரண்டு வாரத்துக்கு இருப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் மகள்:

நான் எதிர்வீட்டு அக்காவின் இடத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா நாட்டுப்படகுக்காரர்; நான் இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். பலகாரமா பணமா என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டையும் வாங்கிய வீட்டில் வளர்ந்தவள் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

மழை மாதங்களில் எங்கள் வீடு இரண்டு நோட்டுகளில் ஓடியது. ஒன்று பலசரக்குக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு. நீளவாக்கில் மடித்த, முனை சுருண்ட, எண்ணெய்க் கறை ஏறிய நோட்டு அது. அப்பாவின் பெயருக்குக் கீழே அரிசி, சீனி, தேயிலை என்று வரிசையாக ஏறிக்கொண்டே வரும். தை பிறந்து கடல் தெளிந்த பிறகு ஒவ்வொரு வரியாகக் குறுக்குக் கோடு விழும். கடைக்கு எங்களைத்தான் அனுப்புவார்கள். கடையில் ஆள் கூடியிருந்தால், "அப்பா பேருல எழுதிக்கங்க" என்று சொல்ல வாய் வராமல் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்போம்.

மற்றொன்று வியாபாரியின் நோட்டு. அதில் முன்பணம் வாங்கினால், கடன் தீரும்வரை பிடிக்கும் மீனையும் நண்டையும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். நீலக்கால் நண்டுக்கு வெளியே நல்ல விலை போகும்போதும் எங்கள் வீட்டு நண்டுக்கு அந்த விலை கிடைத்ததில்லை. பருவமழை மாதங்களில் வாங்கிய கைப்பணத்தின் சுமையை அடுத்த ஆறு மாதம் முழுவதும் அப்பா சுமந்தார். எங்களுக்கு உண்மையில் பயம் தந்தது இந்த இரண்டாவது நோட்டுதான்.

ஆகவே சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கறிக்குக் கொடுக்கும் மீனுக்கு விலை பேசாதீர்கள். அதை விற்க வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தால் உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்திருக்க மாட்டார். கரையில் ஏலம் கூறுகிற இடம் அவருக்குத் தெரியும். அந்த மீன் அவர் உங்களை நடத்தும் விதம். அதற்குக் காசு நீட்டினால் முகம் வாடத்தான் செய்யும். ஆனால் ஆசிரியர் ஐயா சொன்ன பணம் அந்த வீட்டுக்குத் தேவைதான். அதை மீனின் பேரில் கொடுக்காமல் வேறொரு பேரில் கொடுங்கள். தை, மாசியில் உங்கள் வீட்டுக்கும் மதுரையில் உள்ள உறவினர் வீட்டுக்கும் வேண்டிய கருவாட்டை இப்போதே சொல்லிவைத்து, அதற்கான பணத்தைக் கார்த்திகையிலேயே முன்கூட்டிக் கொடுத்துவிடுங்கள். அது தருமமும் ஆகாது, கூலியும் ஆகாது. அவர் செய்யத் தெரிந்த வேலைக்கு, அவர் சொல்லும் விலைக்கு, அவருக்குத் தேவைப்படும் மாதத்தில் வந்த பணம். வியாபாரியிடம் போக வேண்டிய ஒரு தடவையையாவது அது குறைக்கும். எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு மாமா அம்மாவிடம் இப்படித்தான் செய்தார். கருவாட்டுக்காக அல்ல, எங்களுக்காகத்தான் அவர் சொல்லிவைத்தார் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அம்மா ஒரு நாளும் அவர் முன்னால் தலை குனிய நேர்ந்ததில்லை. உரிய நேரத்தில் உரிய எடையில் கருவாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரே ஒரு வேண்டுகோள். கொடுத்த பணத்தைப் பற்றித் தெருவில் எவரிடமும் பேச வேண்டாம், மாமியாரிடமும் சொல்லிவையுங்கள்.

திருப்புல்லாணி ஓய்வாசிரியர்:

மகளே, நீங்கள் சொன்னதே சரியான வழி. விலை கொடுத்து வாங்குங்கள் என்று நான் எழுதியதைவிட இது எல்லா வகையிலும் மேலானது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கருவாட்டின் விலையை அந்த அம்மாவே சொல்லட்டும், பேரம் பேச வேண்டாம்.

தேவிபட்டினம்:

பணத்தைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள். அக்கா உங்களுக்காக அலைகிற அலைச்சலுக்கு ஈடு என்ன என்பது இன்னும் மிச்சம் இருக்கிறது. அவர் காலால் செய்கிறார் என்றால் நீங்கள் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை எத்தனையோ உண்டு. கைப்பேசியில் மின்கட்டணம் கட்டுவது நமக்கு ஒரு நிமிட வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் கெடுவைத் தவறவிட்டு அலையும் வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், மீனவர் நல வாரிய அட்டை, ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட சேமிப்புத் திட்டத்துக்கான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும் பணம் நின்றுவிடும். பெயரின் முதலெழுத்து ஆதாரில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் இருந்ததால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு மழைக்காலம் முழுவதும் அலைந்தார். படித்த ஒருவர் அருகில் உட்கார்ந்து தாள்களை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் ஒரே மாலையில் தெரிந்திருக்கும். நீங்கள் அதைச் செய்து கொடுங்கள். மாலையில் உங்கள் பிள்ளைகளோடு அவர் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுங்கள். மின்சாரம் போகும் நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வீட்டில் ஒரே விளக்கில் படித்தால் அது அவருக்கும் நிம்மதி.

தண்ணீரும் அப்படித்தான். குழாயில் குடிநீர் வரும் நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அவர் போகும்போது உங்கள் குடத்தையும் சேர்த்து ஏற்றுகிறார் என்றால், வண்டியின் பின்பக்கத்தை நீங்கள் பிடியுங்கள். மழைத் தண்ணீர் ஓடிய மணல் பாதையில் அந்தச் சக்கரம் புதைந்துகொள்ளும். ஒருவர் இழுக்க ஒருவர் தள்ளினால்தான் நகரும். ஊருணித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் இருந்தால், புதுமழையில் அது கலங்கலாகத்தான் இருக்கும். பானையின் உட்புறத்தில் தேற்றான் கொட்டையை உரைத்து ஊற்றி வைத்தால் மண் அடியில் படிந்து தெளிந்துவிடும். பிறகு கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்க்க முடியாது.

மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை போகும் வழக்கம் அவர்களுக்கு இருந்தால், அன்றைக்கு அவர் வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மரகத நடராசரின் சந்தனக் காப்பு ஆண்டுக்கு ஒருமுறை அப்போதுதான் களையப்படுகிறது என்பதால் கூட்டம் நெரியும். முதியவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போக முடியாது. அக்கா திரும்பி வரும்போது அந்தச் சந்தனத்தில் ஒரு துளி உங்கள் மாமியாருக்கும் வரும்.

பாம்பன் கரையோரன்:

நல்ல யோசனைகள். வானிலை அறிவிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகு கரை சேர்ந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அறிவிப்பைப் பார்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. அறிவிப்பு மாலையில் வரும்போது அக்காவிடம் உடனே சொல்லுங்கள்; விடியற்காலையில் புறப்படுகிறவருக்கு அது பெரிய உதவி.

வேதாளை மருமகள்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சிமடம் சகோதரி எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். எந்த மாதத்தில் பணம் வேண்டும் என்பதை அறிந்து கொடுப்பவரே உறவு என்று சொல்லிவிட்டு, தன் பெட்டியிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்து, கருவாட்டுக்குத் தன் பங்காக வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்காவின் மூத்த மகளுடைய உதவித்தொகை விண்ணப்பத்தை இன்று மாலை பார்த்துக் கொடுக்கப் போகிறேன்.

மதுரையில் அம்மா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் சேர்த்துக் கருவாடு சொல்லப் போகிறேன். எந்த மீனைச் சொல்வது, எப்போது எதிர்பார்ப்பது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் கேட்டு அவரைச் சங்கடப்படுத்திவிடக் கூடாது.

தங்கச்சிமடம் மகள்:

பொங்கலுக்குள் வேண்டும் என்று கேட்காதீர்கள். மழைவாடை இருக்கும்வரை கருவாடு சரியாகக் காயாது. ஈரம் நின்றால் புழு வைக்கும், நிறமும் மாறும். தை பாதிக்கு மேல் வெயில் நிலைத்த பிறகு போடச் சொல்லுங்கள். நெத்திலி நல்ல வெயிலில் விரைவாகக் காய்ந்துவிடும். ஆகவே முதல் தவணைக்கு அதைச் சொல்லலாம். காரலும் அப்படியே. பாறை, சீலா போன்ற பெரிய மீன்களைக் கீறி உப்பில் ஊறவைத்துப் பல நாள் வெயிலில் வைக்க வேண்டும். அவற்றை மாசிக்குச் சொல்லுங்கள். இன்ன மீன்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். "வலையில் என்ன படுகிறதோ அதில் நல்லதைப் போட்டுக் கொடுங்கள், அக்கா" என்று சொன்னால் அவருக்கும் எளிது, உங்களுக்கும் நல்ல சரக்கு கிடைக்கும். காயவைக்கும் நாட்களில் காக்கையும் நாயும் வராமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்கள் மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்றால் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.